ஆனேக்கல்லில் ஏற்றாத சூடம்

போன ஆடியில் நான் தீச்சட்டி எடுத்த அன்று அம்மா பக்கத்திலேயே இருந்தார். என்னோடு நர்சிங் படிக்கிற இர்ஃபான், போனில் படம் பிடிக்க வந்திருந்தான். பொம்மனஹள்ளியில் எங்கள் தெரு ஆட்கள் பாதிப் பேர் மாரியம்மன் கோயில் வாசலில் நின்றார்கள். இதைப் படிக்கிற நீங்களும் நின்றிருப்பீர்கள். அப்பா மட்டும் இல்லை. அவர் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைதான் அபார்ட்மென்ட்காரர்கள் அதிகம் தண்ணீர் கேட்பார்கள் என்று காலையிலேயே வண்டியை எடுத்துப் போய்விட்டார். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, அவருக்குச் சாமி, கோயில் எதிலும் பிடிப்பு இல்லை.

அன்று என் இரண்டு கையும் வெந்தன. அதை எல்லோரும் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நடந்தது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். விழா மலரில் எழுதச் சொல்லிக் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அம்மா பஸ் எண் படிப்பார். முதல் வருட நர்சிங் கட்டணத்தை அப்பாவின் முதலாளி தயவில் கட்டினோம். இரண்டாம் வருடத்துக்கு அந்தக் கதவு இல்லை என்று அவர் முன்பே சொல்லிவிட்டார். கட்டாவிட்டால் படிப்பு நிற்கும். நானும் அப்பாவோடு டேங்கரில் ஏறுவேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

படிக்கிறவர்களுக்கு உதவித்தொகை என்று ஒன்று உண்டு என்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் தேடுவேன். ஒன்று வேறு மாநிலத்துக்காரர்களுக்கு. ஒன்று தேதி முடிந்தது. ஒன்றில் விண்ணப்பிக்கவே பணம் கேட்டார்கள். இர்ஃபான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அந்தப் பக்கத்தை மூடினான். கடைசியில் ஒன்றே ஒன்று எனக்குப் பொருந்தியது. அரசாங்க உதவித்தொகை. கட்டணத்தின் பெரும்பகுதி வந்துவிடும். வருமானச் சான்றிதழுக்கு அலைந்தேன். மதிப்பெண் பட்டியல் வாங்கினேன். கல்லூரி ஆபீஸில் நாகரத்னா மேடம் எல்லாவற்றையும் சரிபார்த்து மேலே அனுப்பினார். பிறகு காத்திருப்பதுதான் வேலை.

வேண்டியது கிடைத்த பிறகு சட்டி எடுப்பதுதான் நம் ஆட்கள் வழக்கம். நான் கிடைப்பதற்கு முன்பே எடுத்தேன். அவ்வளவு பயம் எனக்கு. முதலில் நாம் கொடுத்துவிட்டால் தாய் மறுக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

கை எப்படி வெந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நர்சிங் முதல் வருடம் முழுக்க எங்களுக்குச் சொல்லிச் சொல்லி ஊறவைத்தது ஒன்று: எதைத் தொடுவதற்கு முன்பும் கையைச் சுத்தம் செய். சானிடைசர் பாட்டில் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. அன்று மஞ்சள் வேட்டி மடிப்பில்கூட ஒன்று இருந்தது. பூசாரி சட்டியை நீட்டுகிற நேரம், கூட்டத்தில் எதையெல்லாமோ தொட்ட கை இது என்று தோன்றியது. சட்டென்று எடுத்து நிறையக் கொட்டித் தேய்த்துக்கொண்டேன். அம்மனைச் சுத்தமான கையால் தாங்க வேண்டும் என்றுதான் செய்தேன். அது ஸ்பிரிட் என்பது அந்த நொடியில் நினைவுக்கு வரவில்லை. ஈரக் கையோடு நெருப்பை வாங்கினேன்.

பகல் வெளிச்சத்தில் சுடர்கூடத் தெரியவில்லை. விரல்கள் மட்டும் எரிந்தன. சட்டியைக் கீழே போட்டுவிடுவேன் என்று தெரிந்ததும், "அம்மா!" என்று கத்தினேன். எந்த அம்மாவைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. என்னைப் பெற்ற அம்மா ஓடிவந்து, வேப்பிலைகூட வைக்காமல் வெறும் கையால் சட்டியை வாங்கி, மூன்று சுற்றும் சுற்றி முடித்தார். அவர் கையில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்கு அப்பா டேங்கரோடு வந்தார். என் கட்டுகளைப் பார்த்தார்.

"நர்சுக்குப் படிக்கிறவனுக்கு ஸ்பிரிட்டு பத்திக்கும்னு தெரியாதாடா?" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "உன் சாமிகிட்ட கேளு, இவனுக்கு இனிமே சோறு ஊட்டறது யாருன்னு" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் அவர்தான் ஊட்டினார்.

தெருவில் வேறு பேச்சு. "விரதம் சரியா இருந்திருக்க மாட்டான்." "அந்த சாயபு பையனோட சேர்ந்து பிரியாணி தின்னிருப்பான்." "ஆத்தா தட்டிவுட்டுட்டா, அவ்ளோதான்." சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏனென்றால் எனக்குள்ளும் அதே பேச்சுதான் ஓடியது. காரணம் சானிடைசர் என்று புத்திக்குத் தெரியும். மனசுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால், என் சட்டியை வேண்டாம் என்று தள்ளுகிற கை ஒன்று தெரியும்.

கட்டுப் பிரிக்கும் முன்பே கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. உதவித்தொகை கேட்டவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து மெஷினில் விரல் ரேகை வைக்க வேண்டும். வைக்காதவர்களின் விண்ணப்பம் தள்ளுபடி.

விரல் ரேகை. படித்ததும் என் கட்டுகளைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை இர்ஃபான் பைக்கில் என்னைக் கூட்டிப்போனான். நாகரத்னா மேடம் என் கையைப் பார்த்து, "அய்யோ தேவ்ரே!" என்று எழுந்தேவிட்டார். கட்டைப் பிரித்து ஒவ்வொரு விரலாக மெஷினில் வைத்துப் பார்த்தோம். தோல் உரிந்து ரோஸாக இருந்தது. ரேகை என்று எதுவுமே இல்லை. ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. வலியைவிட அந்த விளக்குதான் என்னை அழவைத்தது.

"அளபேடப்பா லோகேஷ், அழாதே" என்றார் மேடம். கன்னடமும் தமிழும் கலந்துதான் அவர் பேசுவார். "இன்னொரு வழி இதே, இருக்கு. ஆதாருக்கு லிங்க் ஆன மொபைலுக்கு ஓடிபி கள்சலாம், அனுப்பலாம். அந்த நம்பர் உன்கிட்டதானே இருக்கு?"

கம்ப்யூட்டரில் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. என் எண் இல்லை. அம்மா எண்ணும் இல்லை. நான் ஸ்கூல் படிக்கும்போது ஆதாருக்குக் கொடுத்தது அப்பாவின் பழைய எண். அது இப்போது அப்பாவிடம் இல்லை.

ஓசூர் ரோட்டில் குடை விரித்து சிம் விற்கிற பையன்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சலுகை என்றால் அப்பா நின்றுவிடுவார். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கிவிட்டார். நம்மில் எத்தனையோ பேர் செய்கிற வேலைதான் இது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் கம்பெனி அந்த எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. புதிய எண்ணை மாற்றலாம் என்று ஆதார் மையத்துக்கு ஓடினோம். மாற்றவும் விரல் வைக்க வேண்டும் என்றார்கள். கண்ணை வைத்து எடுக்கிற மெஷின் ரிப்பேர். சரியாகி எண் மாறுவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும்.

எல்லாப் பக்கமும் மூடிவிட்டது. வீட்டில் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். கையைக் கூப்பக்கூட முடியவில்லை. இரண்டு கட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். வாயில் வந்த வேண்டுதல் அழகாக இல்லை. "தாயே, நான் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு. ஆனா எங்கம்மா உன் சட்டிய தூக்கினாங்களே. அவங்களுக்காவது ஏதாவது செய்."

ஒரு பதிலும் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னால் பொய். ஆனால் எழுந்தபோது ஒரு யோசனை இருந்தது. அந்த எண் இன்னும் உயிரோடு யாரிடமோ இருக்கிறது. போன் செய்தால் என்ன?

அம்மா என் போனில் எண்களை அழுத்தி, என் காதில் வைத்துப் பிடித்தார். ஒரு பெண் குரல் எடுத்தது.

"யாரு?"

"ஆன்ட்டி, வணக்கம். நான் லோகேஷ்னு, காலேஜ் ஸ்டூடண்ட். நாளைக்கு உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும்…"

"ஓடிபியா? நாயே! இங்கயும் வந்துட்டியா? எங்க வீட்டுக்காரர் தம்பி பணத்த இப்படித்தானேடா முழுங்கினீங்க! போலீஸ்ல சொல்லிடுவேன்!"

துண்டித்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. என் எண்ணை முடக்கிவிட்டார் என்று புரிந்தது. அவர் செய்தது சரிதான். ஓடிபி கேட்டு யார் பேசினாலும் கொடுக்காதே என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நானே என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா தன் போனை எடுத்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்ததும், "நீ சும்மா இரு" என்றார்.

"அம்மா, வெக்காதீங்க. ஒரு நிமிஷம். நானும் பிள்ளையப் பெத்தவதான். உங்க பணம் ஒரு பைசா வேணாம். அந்த நம்பரு மொதல்ல எங்க வீட்டுக்காரரோடது. முனிராஜுன்னு பேரு."

அந்தப் பக்கம் குரல் வெடித்தது.

"முனிராஜா? தண்ணி டேங்கர் முனிராஜா?"

அம்மா பயந்து என்னைப் பார்த்தார். "ஆமாங்க…"

"அந்த ஆளு எங்கேம்மா இருக்காரு? இந்த சிம் வாங்கினதுலேருந்து விடிஞ்சா போதும், 'முனிராஜ், ஒரு டேங்கர் அனுப்பு', 'முனிராஜ், சம்ப் தொட்டி காலி'! நான் வளையல் விக்கிறவம்மா! எனக்கே வீட்டுல தண்ணி வரல, ஊருக்கெல்லாம் நான் எங்க போய் தண்ணி அனுப்பறது?"

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற அப்பா தலையைச் சொறிந்துகொண்டார். எண் மாறியதை வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேரிடம் சொல்லவே இல்லை அவர்.

அந்த ஆன்ட்டியின் பெயர் ருக்மிணி. ஆனேக்கல்லில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். நாங்கள் பொய் சொல்லவில்லை என்று அவருக்குப் பாதி நம்பிக்கை வந்தது. ஆனால் ஓடிபி விஷயத்தில் பயம் போகவில்லை. கடைசியில் ஒன்று சொன்னார்.

"போன்ல எல்லாம் நம்ப மாட்டேன். நாளைக்கு உன் பையன் நேர்ல வரட்டும். கடைல எங்கம்மன் படம் இருக்கு. அதுக்கு முன்னால சூடம் ஏத்தி, கையால அடிச்சு அணைச்சு, 'இது என் படிப்புக்குத்தான், வேற எதுக்கும் இல்ல'ன்னு சத்தியம் பண்ணட்டும். அப்புறம் பாக்கலாம்."

அம்மா என் கட்டுகளைப் பார்த்தார். "வரோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை இர்ஃபான் கல்லூரிக்குப் போய் நாகரத்னா மேடம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் போன் செய்ததும் மேடம் பொத்தானை அழுத்த வேண்டும். ஓடிபி சில நிமிடம்தான் உயிரோடு இருக்கும். அம்மாவும் நானும் ஆனேக்கல் பஸ் ஏறினோம்.

அந்தப் பயணம் போல ஒரு பயணம் இன்னொரு தடவை வேண்டாம். எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டும்வரை வண்டி நகரவே இல்லை. ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும், மதியத்தோடு கணக்கை மூடிவிடுவார்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். அம்மா வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்: வெந்த கையால் நெருப்பை எப்படி அடித்து அணைப்பது? கட்டோடு அடித்தால் துணி பற்றிக்கொள்ளும். கட்டைப் பிரித்தால் வெறும் சதை. ஆனாலும் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். பஸ்ஸிலேயே பல்லால் கட்டின் முடிச்சைத் தளர்த்த ஆரம்பித்தேன். அம்மா பார்த்தார். தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான். வளையல், ரிப்பன், பொட்டு, சூடம், ஊதுவத்தி எல்லாம் விற்கிற சின்னக் கடை. நெற்றி நிறையக் குங்குமத்தோடு ருக்மிணி ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார்.

"முனிராஜ் பையனா?"

"ஆமாங்க ஆன்ட்டி."

"சூடம் கொண்டாந்தியா?"

கொண்டுவரவில்லை. அவர் ஒரு பாக்கெட்டை எடுத்து முன்னால் வைத்தார். "இந்தா. காசு குடுத்துட்டு எடுத்துக்கோ. சாமி காரியம், சும்மா வாங்கக் கூடாது." அம்மா காசு கொடுத்தார். ஆன்ட்டி ஒரு கட்டியை அம்மன் படத்துக்கு முன் தட்டில் வைத்துத் தீக்குச்சியை எடுத்தார். "கைய நீட்டு" என்றார்.

துண்டுக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்தேன். கட்டு அவிழ்ந்து தொங்கியது. உள்ளங்கை தெரிந்தது.

தீக்குச்சி அவர் கையிலேயே நின்றது.

"என்னடா இது?"

"தீச்சட்டி எடுத்தேன் ஆன்ட்டி. இந்தப் பணம் கெடைக்கணும்னு. வெந்துடுச்சு. அதனாலதான் ரேகை விழல. அதனாலதான் உங்க போன். பரவால்ல, நீங்க ஏத்துங்க. நான் அணைச்சுடுவேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "இந்தக் கைய வெச்சிக்கிட்டா பஸ் ஏறி வந்தான்? நீயும் கூட்டிக்கிட்டு வந்தியா?"

"நீங்க கேட்டீங்களே" என்றார் அம்மா.

ருக்மிணி ஆன்ட்டி தீக்குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். "ஏற்கெனவே சத்தியம் பண்ண கை இது. இன்னொண்ணு கேட்டா எனக்குத்தான் பாவம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே அதட்டினார். "நிக்கிறியே, போன் பண்ணுடா காலேஜுக்கு!"

முதல் ஓடிபி வந்தது. ஆன்ட்டிக்கு மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. கண்ணாடி தேடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மேடம் மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார் ஆன்ட்டி. செய்தியில் ஆதார் என்று இருப்பதை அவருக்கும் படித்துக் காட்டினேன். பிறகு ஒவ்வொரு எண்ணாக இர்ஃபானுக்குச் சொன்னேன். அவன் திரும்பச் சொன்னான்.

"இர்ஃபான்? டேய்?"

"இரு மச்சான், சுத்துது… சுத்துது… பச்சை! பச்சை வந்துடுச்சு! மேடம் கை தட்றாங்கடா!"

அம்மா அந்தக் கடையின் தரையிலேயே உட்கார்ந்து, படத்துக்கு முன்னால் நெற்றியை வைத்தார். எழுந்திருக்க நேரமாயிற்று. நான் அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லாததால், ருக்மிணி ஆன்ட்டி தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

உதவித்தொகை அந்த வருடமே என் கணக்கில் வந்தது. இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறேன். ரேகையும் மெல்ல மெல்லத் திரும்ப வந்துவிட்டது. நான் முதலில் செய்தது என் சொந்த எண்ணை ஆதாரில் ஏற்றியதுதான்.

யோசித்துப் பார்க்கிறேன். கை வேகாமல் இருந்திருந்தால் மெஷினில் விரலை வைத்துவிட்டுப் போயிருப்பேன். அதுவும் அம்மன் கொடுத்ததாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்திருக்காது. வெந்த கையைப் பார்த்துத்தான் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நம்பினார். அம்மன் என்னைத் தள்ளவில்லை. தள்ளுகிற கை என்று நான் கண்டது என் பயத்தை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கடையில், பற்றவைக்காத அந்தச் சூடத்தின் முன்னால் நின்றபோது தெரிந்தது.

அப்பா இன்னும் கும்பிடுவதில்லை. ஆனால் அன்று சாயங்காலமே உட்கார்ந்து, பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் புதிய எண்ணைச் சொன்னார். அடுத்த வாரம் ருக்மிணி ஆன்ட்டி வீட்டுத் தொட்டியை ஒரு டேங்கர் தண்ணீரால் நிரப்பிவிட்டு வந்தார். இந்த ஆடியில் கோயில் வாசலில் ஓரமாக நின்றார். தீச்சட்டி எடுக்க வந்தவர்களின் கையை நான்தான் பார்த்து, தண்ணீரில் கழுவித் துடைத்து அனுப்பினேன். அப்பா வாளியைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இர்ஃபானும் கோயில் பக்கத்தில்தான் இருக்கிறோம். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அனுப்புங்கள். எந்த உதவித்தொகை பொருந்தும் என்று சேர்ந்து தேடலாம். ஆதாரில் யாருடைய எண் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பிறகு பயப்படுகிறவர்கள், பயத்தோடேயே வந்து அவள் முன்னால் உட்காருங்கள். அழகாக வேண்டத் தெரியாவிட்டால் பரவாயில்லை. கை கூப்ப முடியாவிட்டாலும் பரவாயில்லை. நான் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, பெண் என்பதால் அம்மாவுக்கு பஸ் இலவசம். எனக்குப் போக முப்பது, வர முப்பது. சூடம் பத்து. என் படிப்பு நிற்காமல் இருக்க எங்களுக்கு ஆன செலவு மொத்தம் எழுபது ரூபாய்.